இன்னாசி சாரின் இதய ஹார்மோன்

விராலிமலையில் இன்றைக்குக் கார் ஓட்டுகிற பெண்களில் பலர் இன்னாசி சாரிடம் கற்றுக்கொண்டவர்கள். ஓட்டாதவர்கள் எல்லாம் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் என்று சாரின் மனைவி வேளாங்கண்ணி சொல்வார். வேளாங்கண்ணி அங்கன்வாடி டீச்சர். இருபத்தைந்து வருடமாக நாலு வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பேசி, ஐம்பத்தேழு வயதுக் கணவரிடமும் அதே குரலில்தான் பேசுவார். "கை கழுவியாச்சா? எங்க, காட்டுங்க பாப்போம்."

சார் நடத்தியது சின்ன டிரைவிங் ஸ்கூல். ஒரே ஒரு வெள்ளைக் கார், அதில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக். பதறாத மனிதர் என்று ஊரில் பெயர். ஒருமுறை ஒரு மாணவி டீக்கடை பெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு அழத் தொடங்கியபோது, சார் கண்ணாடியை இறக்கி, "ரெண்டு டீ. ஒண்ணுல சீனி தூக்கலா" என்று சொன்னார். அந்தப் பெண் டீ குடித்து முடித்து ரிவர்ஸ் எடுத்தாள்.

சென்ற ஆகஸ்டில் அவருக்குக் கால் வீங்கியது. செருப்பு ஏறவில்லை. வீட்டு வாசல்படி மூன்றையும் ஏறுவதற்குள் மலைக்கோயிலுக்கு ஏறியவர் போல மூச்சு வாங்கினார். திருச்சியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விராலிமலைக்கு வந்து பார்க்கும் இதய மருத்துவர் விக்ரம் அவரைச் சோதித்தார். விக்ரம் கல்லூரிக் காலத்தில் சாரிடம்தான் கார் பழகினார். ஆகவே டாக்டர் இவரை 'சார்' என்பார், இவர் டாக்டரைத் 'தம்பி' என்பார்.

இதயத்துக்குப் பலம் குறைந்திருக்கிறது, ரத்தத்தைத் தள்ளச் சிரமப்படுகிறது என்றார் விக்ரம். மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது, மூச்சும் சீரானது. உடம்பு தேறத் தேற, மனசுக்குள் பயம் ஏறியதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அவருக்கே அது பயம் என்று தெரியவில்லை. டோல்கேட் பக்கம் போனால் நெஞ்சு படபடத்தது. சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். பிறகு நெடுஞ்சாலையே வேண்டாம் என்றார். பிறகு வண்டிக்கு சர்வீஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லி வகுப்பை நிறுத்தினார். கார் உறை போர்த்தி முற்றத்தில் நின்றது. ஊர் மயில்களில் ஒன்று அதன் தலையில் ஏறி உட்காரப் பழகிக்கொண்டது.

வீட்டில் சார் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வைத்தார். விரலில் மாட்டி நாடி பார்க்கும் கிளிப் ஒன்றும் வாங்கினார். காலை, மதியம், சாயங்காலம் என்று பார்த்தவர் பிறகு சாப்பாட்டுக்கு நடுவிலும் பார்த்தார்.

"ஒரு கையில கிளிப்பு, ஒரு கையில சோறு. ரசம் ஊத்தவா, இல்ல நாடி எறங்குற வரைக்கும் காத்திருக்கவா?" என்பார் டீச்சர்.

அக்டோபரில் மறுபரிசோதனை. ரத்த அறிக்கையைப் பார்த்ததும் விக்ரம் முகம் மலர்ந்தது.

"சார், சூப்பர்! போன தடவ ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. இப்ப நானூத்திப் பத்து!"

"எது தம்பி?"

"ஹார்ட்டோட ஹார்மோன் சார். ஹார்ட் ரத்தத்த பம்ப் பண்றதோட நிக்கிறதில்ல, ஹார்மோனும் சுரக்கும். பாரம் ஏறி அதோட சுவர் இழுபடுறப்ப, 'என்னால தாங்கல, உப்பையும் தண்ணியையும் வெளியேத்து'ன்னு கிட்னிக்கு இந்த ஹார்மோன் மூலமாத்தான் சேதி அனுப்பும். சேதி கொறஞ்சிருக்குன்னா பாரம் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம்."

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விக்ரம் நன்றாகப் படிக்கிற டாக்டர். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இதுல ஒரு சுவாரசியம் இருக்கு சார். இந்த ஹார்மோன் குடும்பத்துல ஒண்ணு மூளையிலயும் வேல செய்யுதாம், பதற்றத்தக் கொஞ்சம் அமத்துதோன்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஹார்ட் நோயாளிகள்ல அது கம்மியா இருக்கிறவங்களுக்குப் பதற்றம் ஜாஸ்தியா இருந்துச்சுன்னு சின்னதா ஒரு ஆய்வு. மனச்சோர்வோட சம்பந்தம் இருக்கான்னும் பாக்குறாங்க. இன்னும் எதுவும் முடிவாகல."

இன்னாசி சார் 'இன்னும் எதுவும் முடிவாகல' என்பதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது மெதுவாகச் சொன்னார்:

"நானூத்திப் பத்துக்கு எறங்கிருச்சு."

"எறங்குனா நல்லதுன்னுதானே சொன்னாரு?"

"ஹார்ட்டுக்கு நல்லது. தைரியத்துக்கு?"

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கூடுனா ஹார்ட்டு போச்சு, கொறஞ்சா தைரியம் போச்சு. மனுசன் எங்கிட்டுத்தான் போறது?"

"இப்போதைக்கு வீட்டுக்குப் போவோம். சோறு ஆறுது" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஹார்மோனே காரணம். ஆவூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சார் வரவில்லை, ஹார்மோன் கம்மி. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது கதவோரத் தூணைப் பிடித்தபடியே நின்றுவிட்டுப் பாதியில் வந்துவிட்டார், ஹார்மோன் கம்மி. தண்ணீர் மோட்டாரைப் போடப் பயம், அதற்கும் ஹார்மோன் கம்மி. டீச்சர் தோசை வார்க்கும்போது கல்லின் அருகிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு ஹார்மோனுக்கு. மூணாவது யாருக்கு?"

ஒருநாள் சார் விக்ரமுக்கே போன் போட்டார்.

"தம்பி, ஒரு யோசன. நானூறு ரொம்பக் கம்மி. ஆயிரத்து எண்ணூறு ரொம்ப ஜாஸ்தி. நடுவுல ஒரு எழுநூறுல நிறுத்த முடியாதா?"

"சார், அது பெட்ரோல் முள்ளு இல்ல."

"தெரியும் தம்பி. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. அவர் இரண்டு நாளுக்கு ஒருமுறை சவரம் செய்வதையும் விட்டிருந்தார். சாயங்கால ரேடியோ ஊமையாகிவிட்டது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் இதயம் அடுத்த துடிப்பை மறந்துவிடுமோ என்று அதையே கேட்டுக்கொண்டு கிடந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவர், தனக்கு இல்லை என்று எப்படிச் சொல்வார்? ஹார்மோன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ராசாத்தி வந்து வாசலில் நின்றாள். ராசாத்திக்கு நாற்பத்தைந்து வயது; பக்கத்துக் கிராமத்தில் செவந்திப்பூ பயிரிட்டிருந்தாள். புருசன் குவைத்தில். அவன் வாங்கிக் கொடுத்த குட்டி யானை சரக்கு வண்டி, டிரைவர் நின்றுவிட்டதால் கொல்லையில் சும்மா கிடந்தது. தானே ஓட்டிப் பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்து சாரிடம் சேர்ந்திருந்தாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றாள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை.

"சார், செவ்வாக்கெழம டெஸ்ட்டு. நீங்க ரெண்டு மாசமா ஆளையே காணோம்."

"ஒடம்பு சரியில்லம்மா."

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கீங்க."

"ஹார்மோன் கம்மி."

ராசாத்தி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், கைப்பையை மாட்டியபடி, "வண்டில ஏத்திக் கூட்டிட்டுப் போ ராசாத்தி. கொஞ்சம் வெயில்ல காயட்டும், ஈரம் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாருக்கு மறுக்கத் தெரியவில்லை. காரிலிருந்து உறையையும் மயிலையும் விலக்கி ஏறி உட்கார்ந்தார். ஊருக்குள் இரண்டு சுற்றுவரை சரியாக இருந்தது. மதுரைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏழு கிலோமீட்டர் போனதும், ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டிக் கடந்தது. ராசாத்தி வழக்கம்போல் கண்ணை மூடினாள். சார் வழக்கம்போல் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி ஓரமாக நின்றது.

ஆனால் சாரின் நெஞ்சு நிற்கவில்லை. தடதடவென்று அடித்தது. விரல் நுனி மரத்தது, சட்டை வியர்வையில் நனைந்தது, காற்று தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

"ராசாத்தி... ஆஸ்பத்திரி."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், கியரைப் போட்டாள். நடுவில் இருந்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கச் சாலையில் விட்டாள். முன்னால் ஒரு லாரி. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் தாண்டினாள். அதற்கு முன்னால் ஒரு பஸ். அதையும் தாண்டினாள்.

"இண்டிகேட்டர்..." என்று முனகினார் சார்.

"சார், வாய மூடிக்கிட்டு மூச்ச விடுங்க!"

"கியர்... நாலாவது..."

"போட்டாச்சு! பேசாம வாங்க!"

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆம்புலன்ஸுக்கு நடுவே இருந்த இடத்தில் ஒரே ரிவர்ஸில் வண்டியை நிறுத்தினாள். அது எவ்வளவு கச்சிதமான ரிவர்ஸ் என்பதை, ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்பட்டபோதும் சார் கவனித்தார்.

வெள்ளிக்கிழமையாதலால் விக்ரம் இருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் வைத்திருந்து இரண்டையும் மறுபடி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இதற்குள் டீச்சர் வந்து சேர்ந்தார். ஒரு காலில் அவருடைய செருப்பு, மற்றொரு காலில் அங்கன்வாடி ஆயாவின் செருப்பு. கிண்டல் ஒன்றும் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அட்டாக் இல்ல டீச்சர்" என்றார் விக்ரம். "நெஞ்சுல ஏதாவதுன்னா உடனே வந்தது ரொம்ப சரி. ஆனா இன்னைக்கு வந்தது பதற்றம். அதோட உச்சகட்டம்."

சார் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஹார்மோன் எவ்வளவு இருக்கு தம்பி?"

விக்ரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அத அன்னைக்கு நான் சொன்னதே தப்பு சார். அந்த நம்பர் ஒங்க ஹார்ட்டோட பாரத்தத்தான் சொல்லும். பயத்த அளக்குற மீட்டர் அது இல்ல. பயத்துக்கு ஊசி குத்த வேணாம், கேட்டாலே போதும். நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?"

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரேடியோ கேட்டு?"

"ஆகஸ்ட்டுல இருந்து போடல" என்றார் டீச்சர்.

"எதையாவது பாத்துச் சிரிச்சு?"

சாரின் கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ள முடியவில்லை; ஒரு கையில் ஊசி, மற்றொரு கையில் நாடி பார்க்கும் கிளிப். டீச்சர் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"தெனமும் சாகப்போறேன்னுதான் படுப்பேன் தம்பி" என்றார் சார். "விடிஞ்சா, சரி, இன்னைக்குத்தான் போலன்னு எந்திரிப்பேன்."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?"

"நீ சிரிப்பேல்ல."

"சிரிக்காம? நான் வாய மூடுனா எனக்கும் அந்தப் பயம் வந்துருமே. ஒங்க கால் வீங்குன அன்னையிலருந்து நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாத்துக்கிட்டேதான் படுத்திருக்கேன். நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்கென்ன தெரியும்? தூங்குறீங்கன்னு நெனச்சுத்தான் அசையாமக் கெடந்தேன்."

ஒரே கட்டிலில் இரண்டு பேரும் மற்றவர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு மூன்று மாதம் விழித்திருக்கிறார்கள். விக்ரமுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் வாசலில் நின்ற ராசாத்தி சிரித்துவிட்டாள்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல சார்" என்றார் விக்ரம். "ஹார்ட் நோய் வந்தவங்கள்ல நெறையப் பேருக்கு இப்படிப் பதற்றமும் சோர்வும் வருது. ஹார்மோனாலயா, நோய நெனச்சுப் பயந்ததாலயா, ரெண்டுமேவான்னு விஞ்ஞானிங்க பாத்துக்கட்டும். அவங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் நாம காத்திருக்கத் தேவையில்ல. வைத்தியம் இப்பவே இருக்கு. புதுக்கோட்டைல ராஜலட்சுமின்னு மனநல டாக்டர் இருக்காங்க, எழுதித் தாரேன்."

"பைத்தியத்துக்குப் பாக்குறவங்களா?"

"கண்ணு டாக்டர்ட்ட போறவங்க எல்லாம் குருடா?" என்றார் டீச்சர். குரல் பழையபடி நாலு வயதுப் பிள்ளைகளிடம் பேசும் குரலாகியிருந்தது. "சமத்தா எந்திரிங்க."

செவ்வாய்க்கிழமை ராசாத்தியின் டெஸ்டுக்குச் சாரால் போக முடியவில்லை. டீச்சர் அரைநாள் லீவு போட்டுத் துணைக்குப் போனார். எதிரே மணல் லாரியே வந்ததாம். ராசாத்தி இமைகூட அசைக்கவில்லையாம். சாயங்காலம் ஒரு பை நிறையச் செவந்தியோடு வந்தாள்.

"சார், நீங்க மட்டும் அன்னைக்கு மூச்சு முட்டலன்னு வைங்க, நான் இன்னும் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டிக்கிட்டிருப்பேன்."

"அப்ப அது என் பீஸ்ல சேத்தி" என்றார் சார். டீச்சர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் சார் வேடிக்கையாக ஏதோ சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் ராஜலட்சுமி அதிகம் பேசுகிறவர் அல்ல. முதல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். இதய மாத்திரைகளோடு ஒத்துப்போகிற மாத்திரை ஒன்றை விக்ரமைக் கலந்து எழுதினார். நாடி பார்க்கும் கிளிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார். முதல் வாரம் நிற்கிற காரில் தினமும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். பயம் வந்தால் இறங்கக் கூடாது, அது வந்து உச்சிக்கு ஏறித் தானாக வடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம் ஊருக்குள். மூன்றாவது வாரம் நெடுஞ்சாலை ஓரம் வரை. பிறகு அதற்குள்.

வீட்டுப்பாடத்தை மேற்பார்வை பார்த்தது டீச்சர். முற்றத்தில் நின்ற காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்துக் கீரை ஆய்வார். "எம்புட்டு ஏறியிருக்கு?" என்று கேட்பார். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டுமென்பது டாக்டரின் ஏற்பாடு.

"எட்டு."

"சரி. நான் அரக்கீரைய முடிச்சுட்டேன்."

"ஏழு."

"இன்னும் ஒரு கட்டு இருக்கு. மெதுவா எறங்கட்டும்."

நாலாவது வாரம் டோல்கேட் கண்ணில் பட்டபோது மதிப்பெண் ஒன்பதுக்குப் போனது. அன்று சார் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, சவரமும் இல்லை. டீச்சரும் அந்த இரண்டு நாள் கிண்டல் செய்யவில்லை. மூன்றாம் நாள் அவரே சாவியை எடுத்து நீட்டினார். சார் வாங்கிக்கொண்டார். டீச்சருக்கும் டாக்டர் ராஜலட்சுமி ஒரு தடவை தனியாக நேரம் ஒதுக்கினார். உள்ளே என்ன பேசினார் என்று சார் கேட்டதற்கு, "ஒங்களப் பத்திக் கோள் சொன்னேன்" என்பதே பதில்.

ஜனவரியில் ரத்தப் பரிசோதனை வந்தது. முந்நூற்று எழுபது. சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் எறங்கிருச்சு" என்றார். விக்ரம் கொஞ்சம் கவலையோடு நிமிர்ந்தார். சார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாத்திரைச் சீட்டுக்குக் கையை நீட்டினார்.

பொங்கல் கழிந்து வகுப்பு மறுபடி தொடங்கியது. புதிதாகச் சேர்ந்தவர் மீனம்மாள், சத்துணவு அமைப்பாளர், ஐம்பது வயது. ஸ்டியரிங்கைக் கொதிக்கும் குண்டானைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். பத்தாவது நாள் இலுப்பூர்ச் சாலையில் நன்றாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். சார் திடீரென்று சொன்னார்:

"ஒரு ரெண்டு நிமிசம் ஓரமா நிறுத்துங்கம்மா."

மீனம்மாள் நிறுத்தினார். முகம் வாடிவிட்டது. "எதும் தப்பா ஓட்டிட்டனா சார்?"

"இல்லம்மா, நல்லாத்தான் ஓட்டுறீங்க. எனக்குத்தான் கொஞ்சம் பயம் வந்துருச்சு. செத்த நேரத்துல போயிரும்."

மீனம்மாள் அவரையே பார்த்தார்.

"ஒங்களுக்கா சார்?"

"ஆமா. அப்பப்ப வரும்."

"எனக்கும் வண்டில ஏறுனதுலருந்து பயமாத்தான் இருக்கு சார். சொன்னா நீங்க திட்டுவீங்களோன்னு பத்து நாளா அடக்கிக்கிட்டு வாரேன்."

"அட, மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சாலையோரம் ஒரு பெண் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். மீனம்மாள் இறங்கிப் போய் நாலு வாங்கி வந்தார். ஒன்றை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினார். உப்பு ஆகாது என்று சார் தலையாட்டவே, தடவாத ஒன்றைக் கொடுத்தார். இருவரும் காருக்குள் உட்கார்ந்து கடித்துத் தின்றார்கள். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிளம்பலாம் என்று கை காட்டினார்.